செல்விக்கு வாய்த்த மச்சான்

தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் இருந்த தமிழர் அத்தனை பேருக்கும் முறையண்ணை சொந்தக்காரர். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. சொந்தமில்லை என்று அவருக்கு முன்னால் வாதாடிய மூன்று பேரை நான் நேரில் கண்டிருக்கிறேன். ஒருவர் கால் மணி நேரத்தில் மருமகனானார். இன்னொருவர் பெரியப்பாவானார். மூன்றாமவர் பல் வைத்தியர். முறையண்ணையின் வாய் திறந்தபடி இருந்ததால் விசாரணை கொஞ்சம் இழுபட்டது. ஆனாலும் கடைவாய்ப் பல் கழன்று வருவதற்குள் வைத்தியரும் ஒன்றுவிட்ட சகலனாகிவிட்டார்.

"சொந்தமில்லாத ஆக்கள் எண்டு ஒருத்தரும் இல்லைத் தம்பி. விசாரியாத ஆக்கள்தான் இருக்கினம்" என்பார்.

கண்டுபிடித்ததோடு விடமாட்டார். முறை என்று ஒன்று தெரிந்துவிட்டால் அதன்படி நடக்கவும் வேண்டும். தமிழ்க் கடையில் மீன் வெட்டுகிறவருக்கு இருபத்திரண்டு வயது. அவர் முறையண்ணைக்கு மாமன் முறை என்று ஒரு சனிக்கிழமை தெரியவந்தது. அன்றிலிருந்து ஐம்பத்தெட்டு வயது முறையண்ணை அந்தக் கடைக்குள் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் நுழைவார். "மாமா, அரை றாத்தல் விளைமீன் தாங்கோ" என்று அவர் பணிவாகக் கேட்கும்போது, பின்னால் வரிசையில் நின்ற சனம் மாமாவைத் தேடி எட்டிப் பார்க்கும்.

வோபர்னில் எங்கள் வீட்டு பேஸ்மென்றுக்கு அவர் குடிவந்தது ஒரு ஒக்ரோபர் மாதம். வாடகைக்கு வருபவரை வீட்டுக்காரர் விசாரிப்பதுதான் வழக்கம். இங்கே எங்களை அவர் ஒரு மணி நேரம் விசாரித்தார். என் மனைவி ரதியின் தகப்பனாருக்குக் கணக்குப் படிப்பித்தவரின் மைத்துனர் வழியாக அவளைத் தங்கை முறையாக்கினார். எனக்கு வழி கிடைக்கவில்லை. "சரி, பிள்ளையைக் கட்டினபடியால் நீர் எனக்கு மச்சான்தான். ஆனால் வயதிலை இளசு, தம்பி எண்டே கூப்பிடுறன்" என்று ஒரு சலுகை தந்தார்.

பாம்புகள் அடுத்த சித்திரையில் வந்தன.

முறையண்ணை ஒரு பிளாசாவில் செல்லப்பிராணிக் கடையொன்றில் கூட்டித் துடைக்கும் வேலை செய்துவந்தார். கடைக்காரர் ரெறி என்கிற வெள்ளைக்காரர், நல்ல மனிதர். அவர் முப்பது வருடமாக போவாப் பாம்புகள் வளர்த்துக் குட்டி போடவைத்து வந்தவர். போவா என்பது ஊரில் நாங்கள் வெங்கிணாந்தி என்கிறோமே, அந்த மலைப்பாம்புக்குத் தென்னமெரிக்காவில் ஒன்றுவிட்ட சொந்தம். விசமில்லை. முட்டை இடாது, குட்டிதான் போடும். ரெறிக்கு மூச்சிழுப்பு வருத்தம் கூடி, கடையில் இனி மீன் மட்டும் என்று முடிவெடுத்தபோது, கடைசி நாலு பாம்பையும் முறையண்ணை கேட்டு வாங்கிக்கொண்டார். நாலு தலையணை உறைகளில் கட்டி, பஸ்ஸில் கொண்டுவந்தார்.

உறைகள் அசைவதை முதலில் கண்டவள் ரதி.

"அண்ணை, உதுக்குள்ளை என்ன?"

"பிள்ளை, பயப்பிடாதை. நாலு சீவன்."

"கோழியோ?"

"கோழி மாதிரித்தான். கால் இல்லை."

அன்றைக்கு ரதி என்னோடு பேசவில்லை. மறுநாள் ஒரேயொரு நிபந்தனை விதித்தாள். பாம்புக்குச் சாப்பாடாக வரும் உறைந்த எலிகள் அவளுடைய பிறீசரில் ஒருபோதும் வைக்கப்படக்கூடாது. முறையண்ணை பழைய சின்னப் பிறீசர் ஒன்றைத் தேடி எடுத்து வந்தார். பிரச்சினை முடிந்தது என்று நாட்குறிப்பில் எழுதினேன். அதை எழுதியதற்காகப் பல வருடம் வருந்தினேன்.

நான் அதற்குள் எப்படி மாட்டினேன் என்பதையும் சொல்லவேண்டும். தொழிற்சாலையில் பிளாஸ்ரிக் மூடிகளை அளந்து, சரி பிழை குறிக்கும் வேலை எனக்கு. வீட்டிலும் ஒவ்வொரு நாளும் வெப்பநிலை, பனியின் உயரம், எழும்பிய நேரம் எல்லாம் குறித்து வைப்பேன். முறையண்ணை அந்தக் கொப்பிகளைக் கண்டுவிட்டார். போவாவைக் குட்டி போடவைக்கக் கணக்காகக் குறிப்பு வைக்கவேண்டும் என்று ரெறி அவருக்குச் சொல்லியிருந்தார். குளிர்காலத்தில் இரவு வெப்பத்தை மெல்லக் குறைக்கவேண்டும். எப்போது சாப்பிட்டது, எப்போது சட்டை கழற்றியது, எத்தனை கிலோ என்று தெரிந்திருக்கவேண்டும். "தம்பி, உமக்கு இது சும்மா விளையாட்டு" என்றார். மறுவாரமே ஒவ்வொரு காலையும் வேலைக்குப் போகுமுன் ஆறு பதினைந்துக்கு நாலு கூட்டின் வெப்பமானியையும் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன்.

பெண் பாம்பு ஒன்றுதான். செல்வி. ஏழடிக்கு மேல் நீளம், நிதானமான குணம். ஆண்கள் மூன்று. அவர்களுக்கு அவர் துரை, மணி, பெரியவர் என்று பெயர் வைத்திருந்தார். ஒரு பெண்ணுக்கு மூன்று மாப்பிள்ளை இருக்கும்போது சோடி தெரிவுசெய்வது பெரிய வேலையில்லை என்று யாரும் நினைப்பார்கள். நானும் நினைத்தேன்.

முதல் வேலையாக முறையண்ணை என்னை மொழிபெயர்ப்பாளராக இழுத்துக்கொண்டு ரெறியிடம் போனார். ரெறியிடம் சின்ன அட்டைகளில் எல்லாப் பாம்பின் பூர்வீகமும் இருந்தது. பாம்புகளுக்கு அங்கே பெயரில்லை, நம்பர்தான். தாய் இன்ன நம்பர், தகப்பன் இன்ன நம்பர், கூடப்பிறந்தவை இன்ன இன்ன. முறையண்ணைக்கு முகம் மலர்ந்ததை அன்றைக்குப் பார்த்திருக்கவேண்டும். இந்த நாட்டுக்கு வந்த பிறகு இப்படி ஒழுங்காகப் பரம்பரை சொல்லக்கூடிய குடும்பம் ஒன்றை அவர் முதன்முதலாகச் சந்திக்கிறார்.

மூன்று சனிக்கிழமை இருந்து அட்டைகளைப் பார்த்து நான் ஒரு அட்டவணை போட்டேன். நாலு தலைமுறை. முடிவு இப்படி வந்தது. பெரியவர் செல்வியின் தாயோடு கூடப்பிறந்தவர், அதாவது தாய்மாமன். துரையின் தாய் செல்வியின் தாயோடு கூடப்பிறந்தவள், அதாவது துரை பெரியம்மா மகன். மணியின் தாய் செல்வியின் தகப்பனோடு கூடப்பிறந்தவள், அதாவது மணி மாமி மகன்.

ரெறி எங்கள் பேஸ்மென்றுக்கு வந்து அட்டவணையைப் பார்த்தார், கூட்டுக்குள் இருந்த பாம்புகளைப் பார்த்தார். துரைதான் நல்ல சுறுசுறுப்பு, இளமை, அவனை விடுங்கள் என்றார்.

மொழிபெயர்த்தேன். முறையண்ணை கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"என்ன கதை இது? பெரியம்மா பெடியன். தம்பியெல்லே அவன்! கூடப்பிறந்த மாதிரி. சொல்லும் தம்பி இவருக்கு."

சொன்னேன். மணியும் துரையும் அவளுக்கு ஒரே அளவு தூரம்தானே, இரண்டும் ஒன்றுதான் என்றார் ரெறி.

"ரண்டும் ஒண்டோ! இவன் மச்சான், அவன் தம்பி. வாடிக்கையாளருக்கு முன்னாலை உப்பிடிச் சொல்லிப்போடாதேங்கோ எண்டு சொல்லும்."

நான் வேறு விதமாக மொழிபெயர்த்தேன். அப்படியானால் பெரியவரை விடலாமே, அனுபவமுள்ளவர் என்றார் ரெறி.

"தாய்மாமனையோ? இந்தியாவிலை செய்வினம். எங்கடை பக்கம் வழக்கமில்லை."

ரெறி என்னைப் பார்த்தார். இதை மொழிபெயர்க்க எனக்கு ஆங்கிலம் போதவில்லை. இன்றைக்கும் போதாது.

ஆகவே மணிதான் மாப்பிள்ளை. மாமி மகன், உரிமையுள்ளவன், அட்டவணைப்படி ஒரு குறையும் சொல்ல இடமில்லாதவன். குறையெல்லாம் அட்டவணைக்கு வெளியே இருந்தது. மணியைப்போல ஒரு சோம்பேறியை நான் மனிதரிலும் கண்டதில்லை. முதல் குளிர்காலம் நவம்பரில் அவனைச் செல்வியின் கூட்டுக்குள் விட்டோம். நேரே போய்த் தண்ணீர்ச் சட்டிக்குப் பின்னால் சுருண்டு, சுவரைப் பார்த்தபடி படுத்தான். பெப்ரவரி கடைசியில் வெளியே எடுக்கும்போதும் அதே இடத்தில், அதே சுவரைப் பார்த்தபடி கிடந்தான். என் குறிப்பில் அந்த நாலு மாதமும் ஒரே சொல்தான்: "படுக்கிறான்."

முறையண்ணை கூட்டுக்கு முன்னால் பால் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு இருந்து புத்தி சொல்வார்.

"மணி, உமக்குச் செல்வியிலை ஏதும் குறை கிடக்கோ? நிறம் காணாதோ? சொல்லும். உரிமைப் பெட்டை. நீர் வேண்டாம் எண்டால் வேறை ஆர் எடுக்கிறது?"

மணி நாக்கைக்கூட நீட்டமாட்டான்.

பக்கத்துக் கூட்டில் துரை நிலைகொள்ளாமல் கண்ணாடியில் மூக்கைத் தேய்த்துத் தேய்த்து மேலும் கீழும் போவான். ஆண் போவாவுக்கு வாலடியில் இரண்டு சின்ன நகம் இருக்கும். பெண்ணின் முதுகை அதனால் வருடித்தான் சம்மதம் கேட்கும். துரை அந்த நகத்தால் கூட்டின் பலகையைச் சுரண்டும் சத்தம் மேலே எங்கள் குசினிக்குக் கேட்கும். ரதி தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு, "பாவம், அதை விடுங்கோவன்" என்பாள். பாம்புக்குப் பாவம் பார்க்கும் அளவுக்கு அவளும் வந்துவிட்டிருந்தாள்.

முறையண்ணை துரையின் கூட்டுக்கு முன்னால் ஒரு துவாயைத் தொங்கவிட்டார். "தமக்கையைப் பார்த்துக்கொண்டு நிக்கிறான். வெக்கமில்லாதவன்."

இரண்டாம் குளிர்காலம் இரவு வெப்பத்தை இன்னும் இரண்டு பாகை குறைத்தோம். மணி படுத்தான். மூன்றாம் குளிர்காலம், புயல் வரும்போது காற்றழுத்தம் இறங்கினால் போவாக்களுக்கு ஆசை வரும் என்று ரெறி சொன்னார். அந்த வருடம் பனிப்புயல் அறிவிப்புக் கேட்டால் ஊரே பாணும் பாலும் வாங்க ஓடும், நானும் முறையண்ணையும் மணியைத் தூக்கிக்கொண்டு செல்வியின் கூட்டுக்கு ஓடுவோம். நாலு புயல் வந்தது. நாலிலும் படுத்தான்.

வெளியில் மாப்பிள்ளை தேடிப்பார்க்கலாம் என்று கெஞ்சினேன். பாம்பு வளர்ப்பவர்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு கூடும் மண்டபம் ஒன்றுக்கு அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். குடுமி கட்டிய ஒரு வெள்ளைக்காரர் அருமையான ஆண் பாம்பு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். ஒரு மாதத்துக்கு இரவல் தரவும் சம்மதம்.

முறையண்ணை என்னூடாகக் கேட்டார். "இவரின்ரை தாய் தகப்பன் ஆர்?"

தெரியாது, ஒருவர் வீடு மாறும்போது விட்டுவிட்டுப் போனது என்றார் குடுமிக்காரர்.

"சகோதரங்கள்?"

தெரியாது.

முறையண்ணை பாம்பின் தலையை மெல்லத் தடவினார். காரில் ஏறினார். பெல்ற்றைப் போட்டுக்கொண்டு, "நல்ல பெடியன்தான். ஆனால் நாளைக்கு ஆரும் கேட்டால் நான் என்னெண்டு சொல்லுவன்?" என்றார். யார் கேட்கப்போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. அவர் உலகத்தில் கேட்பதற்கு எப்போதும் ஆள் இருந்தார்கள்.

அந்த வருடம் ஒக்ரோபரில் ரெறி வந்து செல்வியைக் கையில் எடுத்துப் பார்த்தார். முதுகெலும்பை விரலால் தடவினார். பதினாலு வயதாகிறது, இந்தக் குளிர்காலம் விட்டால் இனி இல்லை என்று நினைக்கிறேன் என்றார். மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. முறையண்ணை பால் பெட்டியில் இருந்துவிட்டார்.

ரெறி போன பிறகு கேட்டேன். "அண்ணை, உங்களுக்கு உந்தக் குட்டி ஏன் இவ்வளவு முக்கியம்? விக்கிறதுக்கோ?"

"விக்கிறதோ? விசரே உமக்கு." செல்வியின் கூட்டுப் பக்கம் திரும்பினார். "இந்த ஊரிலை எனக்குச் சொந்தக்காரர் எத்தினை பேர்? கணக்கில்லை. எல்லாம் நான் தேடிப் பிடிச்சது தம்பி. தானாய் வந்து பிறந்தது ஒண்டும் இல்லை. என்ரை கண் முன்னாலை ஒண்டு பிறக்கவேணும். ஆர் எவர் எண்டு நான் போய் விசாரியாமல், பிறக்கேக்கையே தெரிஞ்ச ஒண்டு."

அதற்குப் பிறகு அவர் ஊரில் விட்டுவந்தவர்களைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. எழும்பிப் போய்த் தண்ணீர்ச் சட்டியைக் கழுவினார்.

நவம்பரில் மணியை நாலாம் முறையாக உள்ளே விட்டோம். டிசம்பர் முழுக்கப் படுத்தான். முறையண்ணை புத்தி சொல்வதையும் நிறுத்திவிட்டார். வேலையால் வந்து கூட்டுக்கு முன்னால் பேசாமல் இருப்பார். ரதி கொடுத்துவிடும் சாப்பாடு பாதி திரும்பி வரும். மூன்று கொப்பியில், நாலு வருடக் குறிப்பில், நம்பிக்கை வைக்க ஒரு வரி தேடி நான் பின்னோக்கிப் புரட்டினேன். "படுக்கிறான், படுக்கிறான்" என்று என் கையெழுத்தே என்னைப் பழித்தது.

ஜனவரி இரண்டாம் வாரம் ஒரு காலை, ஆறு இருபதுக்கு, நான் என் அட்டவணையில் ஒரு பொய் எழுதினேன்.

சின்னப் பொய். துரையின் தாய் என்ற பத்தியில் ஏழாம் நம்பர் இருந்தது. தகப்பன் என்ற பத்தியில் பதினோராம் நம்பர் இருந்தது. இரண்டையும் இடம் மாற்றினேன். அவ்வளவுதான். இப்போது செல்வியின் தாயோடு கூடப்பிறந்த ஏழாம் நம்பர் துரைக்குத் தாயில்லை, தகப்பன். துரை பெரியம்மா மகனில்லை, மாமா மகன். மச்சான். பாம்பின் உடம்பில் ஒரு சொட்டு இரத்தமும் மாறவில்லை.

"அண்ணை, நான் அட்டையைப் பிழையாய்ப் பாத்து எழுதிப்போட்டன்" என்றேன். 

அவர் கண்ணாடியைப் போட்டு அட்டவணையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் பிழையாக எழுதுவேன் என்று அவருக்கு நம்பமுடியவில்லை. ஆனால் நான் எழுதிக் காட்டியதை நம்பாமல் இருக்கவும் அவருக்கு முடியவில்லை. ஓடிப்போய்த் துவாயை இழுத்தெறிந்தார்.

"மருமேன்! நாலு வருசமாய் உம்மை வெக்கமில்லாதவன் எண்டு ஏசிப்போட்டன். மனசிலை வையாதையும். உரிமையோடைதான் பாத்திருக்கிறீர். எனக்குத்தான் கண் தெரியேல்லை."

மணியை வெளியே எடுத்தோம். அவனுக்கு ஆட்சேபணை இருந்ததாகத் தெரியவில்லை. துரையை உள்ளே விட்டோம். துரை இருபது நிமிடம்கூட வீணாக்கவில்லை. முறையண்ணை கூட்டுப் பக்கம் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "நீர் மட்டும் பாத்து எழுதும் தம்பி. நான் மாமன், நான் பாக்கக்கூடாது" என்றார்.

மார்ச் கடைசியில் செல்விக்கு நடுவுடம்பு பெருத்தது. சட்டை கழற்றினாள். ரெறி வந்து பார்த்து, இந்தச் சட்டையிலிருந்து நூற்றைந்து நாள் எண்ணுங்கள் என்றார். முறையண்ணை எங்கள் குசினிக்கு வந்து ரதிக்குச் செய்தி சொன்னார். ரதி சீனி அள்ளி அவர் வாயில் போட்டாள்.

எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. ஒவ்வொரு காலையும் கொப்பியைத் திறந்தால் முதல் பக்கத்தில் அந்த அட்டவணை. மற்றதெல்லாம் சரி, இரண்டு இலக்கம் பிழை. தொழிற்சாலையில் பிழையான மூடியைச் சரி என்று குறித்து அனுப்பிவிட்டு, அதே மூடியை வீட்டில் தினமும் திறப்பதுபோல இருந்தது. சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கீழே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"ஒரு பேப்பரிலை எழுதினால் முறை மாறுமோ தம்பி?" என்று மட்டும் கேட்டார். பிறகு துவாயை எடுத்துச் செல்வியின் கூட்டுக்கு முன்னால் தொங்கவிட்டார்.

மூன்று நாள் கீழிருந்து சத்தமில்லை. வானொலிகூட இல்லை. காலையில் வெப்பமானி பார்க்க நான் இறங்கினால் அவர் வீட்டுச் சூடாக்கி இருக்கும் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். இரண்டாம் நாள் ரதி கொண்டுபோன சோறு படியிலேயே இருந்தது. "என்னப்பா செய்து வைச்சிருக்கிறியள்?" என்றாள்.  அந்த மனிதர் நாலு வருடம் காத்திருந்த குட்டிகளை, அவர் முகங்கொடுத்துப் பார்க்கமுடியாதபடி செய்துவைத்திருந்தேன்.

புதன்கிழமை மாலை ஆறரைக்கு மேலே வந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்துப் பொத்தான்வரை பூட்டியிருந்தது. இருக்கச் சொன்னோம். இருக்கவில்லை.

"ஒரு விசயம் கேக்க வந்தனான். நீங்கள் ரண்டு பேரும் துரையைச் சுவீகாரம் எடுக்கவேணும்."

"என்ன எடுக்க?" என்றாள் ரதி.

"பிள்ளையாய் எடுக்கவேணும். பேப்பரிலை எழுதி முறை மாறுமோ எண்டு நான் இவரைக் கேட்டனான். மூண்டு நாள் யோசிச்சன். மாறும்! சுவீகாரம் எழுதினால் மாறும்தானே? எடுத்துக் குடுத்தால் பெத்தவளின்ரை தொடர்பு விட்டுப்போம். பிறகு அவன் உங்கடை மோன், எனக்குத் தங்கச்சி மோன். செல்வி என்ரை மோள். ஒரு பிழையும் இல்லை."

"அண்ணை, கலியாணம் முடிஞ்சு மூண்டு மாசம்" என்றேன்.

"அதுக்கென்ன? இந்த நாட்டிலை எத்தினை சனம் முதல் கலியாணம், பிறகு பேப்பர் எண்டு செய்யுது!"

ரதி என்னைப் பார்த்தாள். முறையண்ணையின் கழுத்துப் பொத்தானைப் பார்த்தாள். "சரி அண்ணை. ஆனால் என்ரை கையிலை தராதேங்கோ. தூரத்திலை வைச்சே எடுக்கிறன்."

வெள்ளிக்கிழமை எங்கள் குசினி மேசையில் சுவீகாரம் நடந்தது. ஒரு தட்டில் வாழைப்பழம், வெற்றிலை, ஒரு விளக்கு. நடுவில் முடிச்சுப் போட்ட தலையணை உறை, அதற்குள் துரை. முறையண்ணை உறையை இரண்டு கையாலும் தூக்கி, "இண்டையிலிருந்து உங்கடை" என்று நீட்டியபோது, தூரத்தில் நிற்பதாகச் சொன்ன ரதி ஏனோ முன்னால் வந்து முடிச்சைப் பிடித்துவிட்டாள். "என்ன பாரம்!" என்றாள். பிறகு விடவில்லை.

அன்றிலிருந்து நாங்கள் மாப்பிள்ளை பகுதி. அவர் பெண் பகுதி. என்னைத் தம்பி என்று கூப்பிடுவது நின்றது. "சம்பந்தி, வெப்பமானி என்ன சொல்லுது?" என்பார். ரதிக்கு இது மெல்ல மெல்லத் தலைக்கேறியது. "பொம்பிளை பகுதி எண்டு பேர்தான். ஒரு நல்லநாளுக்கு ஒரு பலகாரம் வந்ததே?" என்று படியில் நின்று கீழே கேட்கும்படி சொல்வாள். மறுநாள் ஒரு பெட்டி லட்டு மேலே வரும். அதிலும் அவள் குறை சொல்வாள். சம்பந்தி வீட்டுக் குறையைக் கேட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கும்போது முறையண்ணையின் முகத்தில் இருந்த சந்தோசத்தை நான் அதற்கு முன்னர் கண்டதில்லை.

நூற்றைந்து நாள் போனது. நூற்றாறு, நூற்றேழு. நூற்றெட்டாம் நாள் சனிக்கிழமை காலை ஏழு நாற்பதுக்குக் கீழேயிருந்து என்னைக் கூப்பிட்டார். போனபோது பால் பெட்டியில் குனிந்து இருந்தார்.

கூட்டில் விரித்த பேப்பரில் எல்லாம் கிடந்தது. எண்ணுவது என் வேலை, எண்ணினேன். கருக்கட்டாத மஞ்சள் கட்டிகள் பதினாலு. உருவாகி, நிறம் பிடித்து, அசையாமல் போன குட்டிகள் நாலு. பதினெட்டு. எழுதப் பென்சிலை எடுத்தேன், எழுதவில்லை.

"என்ரை கைராசி அப்பிடிச் சம்பந்தி. வயசுபோனவளைப் போட்டு வருத்திப்போட்டன்" என்றார். கையை உள்ளே விட்டுச் செல்வியின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். அவள் களைத்துப்போய்க் கிடந்தாள். சுருளை மெல்ல நகர்த்தினாள். அதற்கடியில் மெல்லிய சவ்வுக்குள் பத்தொன்பதாவது இருந்தது. சவ்வு உள்ளேயிருந்து ஒருதரம் துடித்தது.

முறையண்ணை பெருவிரலால் சவ்வைக் கிழித்தார். முழ நீளக் குட்டி, நனைந்து பளபளவென்று வெளியே வந்து, தலையைத் தூக்கி, உலகத்தைப் பார்த்து, உடனே அவருடைய பெருவிரலைக் கடித்தது.

"கடிச்சுப்போட்டுது!" என்று கத்தினார். விரலில் இரத்தம். கண்ணில் தண்ணீர். "சம்பந்தி, கடிச்சுப்போட்டுது! பிள்ளை, ஓடி வா, பேரன் கடிச்சுப்போட்டான்!"

ரதி இரவு உடுப்போடு ஓடிவந்து, "பேரனோ பேத்தியோ ஆர் கண்டது, முதல் விரலைக் கழுவுங்கோ" என்றாள். அவர் கழுவவில்லை. குட்டி தானாக விடும்வரை விரலை அசையாமல் வைத்திருந்தார். நாலு நிமிடம்.

செல்வி அதற்குப் பிறகு ஒழுங்காகச் சாப்பிடவில்லை, அந்தக் குளிர்காலம் முடியுமுன் போய்விட்டாள். முறையண்ணை அதற்கடுத்த வருடம் பங்குனியில் போனார். வேலையால் வரும்போது பஸ்ஸில் இருந்தபடியே நெஞ்சு நோ. ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போய்ச் சேர நேரம் பிந்திவிட்டது. மணியையும் பெரியவரையும் ரெறியின் கூட்டாளி ஒருவர் வந்து எடுத்துப்போனார். குட்டியையும் துரையையும் கொடுக்க ரதி சம்மதிக்கவில்லை.

தமிழ்ப் பத்திரிகைக்கு மரண அறிவித்தல் கொடுக்கவேண்டும். தொலைபேசியில் ஒரு பெண் ஒவ்வொன்றாகக் கேட்டார். அன்னார் யாருடைய மகன்? என்னிடம் செல்வியின் நாலு தலைமுறை இருந்தது. முறையண்ணையின் தகப்பன் பெயர் மூன்று கொப்பியில் ஒரு இடத்திலும் இல்லை. யாருடைய கணவர்? தெரியாது. யாருடைய தகப்பன், யாருடைய சகோதரன்? ஒவ்வொன்றுக்கும் தெரியாது, தெரியாது என்று சொல்லிக்கொண்டு போனேன். அந்தப் பெண்ணுக்கு என்மேல் எரிச்சல் வந்தது.

"அண்ணை, கடைசியிலை 'தகவல்' எண்டு ஒரு வரி வரும். அதுக்கு என்ன போடுறது? நண்பர் எண்டு போடவோ? வீட்டுக்காரர் எண்டு போடவோ?"

ரதி பக்கத்தில் நின்றாள். நான் வாய் திறக்குமுன் அவள் தொலைபேசியை வாங்கினாள்.

"சம்பந்தி வீட்டார் எண்டு போடுங்கோ பிள்ளை" என்றாள்.